தம் அடிக்கப் போகிறவர்களுக்கு மட்டும் தனி இடைவேளையா? டீமுக்குள் சண்டை, யோசனை சொல்லுங்கள்

நிழல்மேசை எழுதியது:

வணக்கம். வாடிக்கையாளர் அழைப்புகளை எடுக்கும் டீம் ஒன்றைப் பார்த்துக்கொள்கிறேன். மொத்தம் பதினொரு பேர், அதில் நான்கு பேர் புகைப்பவர்கள். ஒருவர் ஹெட்செட்டைக் கழற்றி வைத்துவிட்டு எழுந்தால் அவருக்கு வர வேண்டிய அழைப்பு, அடுத்து யார் சும்மா இருக்கிறாரோ அவருக்குப் போகும். யாரும் சும்மா இல்லையென்றால் அழைத்தவர் இசையைக் கேட்டுக்கொண்டு காத்துக் கிடப்பார். எங்கள் வேலையின் லட்சணம் அதுதான்.

இந்த நான்கு பேரும் மதிய இடைவேளை போக, காலையில் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை ஏழு மாடி கீழே இறங்குகிறார்கள். சிகரெட் பிடிக்க என்னவோ ஐந்து நிமிடம்தான். லிப்டுக்கு நிற்பது, கேட்டைத் தாண்டி, புகைக்க ஒதுக்கிய கூரைக்கடியில் போவது, திரும்ப லிப்ட், கை கழுவிவிட்டு வந்து லாக் இன் செய்வது எல்லாம் சேர்ந்தால் பதினைந்தாகி விடுகிறது. இத்தனை நாளாக யாரும் வாய் திறக்கவில்லை. போன வாரம் புகைக்காத ஒருவர் மெயில் போட்டிருக்கிறார்: அவர்கள் எழுந்து போகிற நேரத்துக்கு ஈடாக எங்களுக்குக் கூடுதல் விடுமுறை கொடுங்கள் என்று. எச்.ஆருக்கும் நகல். எச்.ஆர் உடனே "டீமுக்குள்ளேயே பேசித் தீர்த்துக்கொள்ளுங்கள்" என்று கை கழுவிவிட்டது.

புகைக்கிற நான்கு பேரில் ஒருவர்தான் டீமிலேயே சிக்கலான அழைப்புகளைக் கையாளக்கூடியவர். ஒரேயடியாகத் தடை போட மனம் வரவில்லை. அப்படியே விட்டுவிடவும் முடியாது. இதை ஒழுங்காகச் சமாளித்தவர்கள் இருந்தால் சொல்லுங்கள். "சிகரெட் கெடுதல், விடச் சொல்லுங்கள்" என்ற பதில் மட்டும் வேண்டாம், அது எனக்கும் தெரியும், அவர்களுக்கும் தெரியும்.

புகையிலி எழுதியது:

மெயில் போட்டவருக்கு என் ஓட்டு. நீங்கள் சொன்ன கணக்கையே எடுத்துக்கொள்வோம். நாலு தடவை, தடவைக்கு 15 நிமிடம், ஒரு நாளைக்கு ஒரு மணி நேரம். வருடத்துக்கு 250 வேலைநாள் என்றால் 250 மணி நேரம். எட்டு மணி நேர ஷிப்டால் வகுத்தால் 31 நாள். சம்பளத்தோடு 31 வேலைநாள் லீவு! இதை எனக்கு யாராவது கொடுத்தால் நானும் கூரைக்கடியில் போய் நிற்கத் தயார்.

இது ஒன்றும் நடக்காத காரியம் இல்லை. டோக்கியோவில் பியாலா என்ற மார்க்கெட்டிங் நிறுவனம் 2017-இல் புகைக்காதவர்களுக்கு வருடம் 6 நாள் கூடுதல் விடுமுறை கொடுத்தது. அவர்கள் அலுவலகம் 29-ஆவது மாடியில், புகைக்க அடித்தளத்துக்குப் போய்வர ஒவ்வொரு தடவையும் கால் மணி நேரம். ஆலோசனைப் பெட்டியில் ஒருவர் எழுதிப் போட்ட புகாரில் இருந்துதான் தொடங்கியது. அப்போது வந்த செய்திகளின்படி நான்கு பேர் சிகரெட்டையும் விட்டார்கள். அங்கே நடந்தது இங்கே ஏன் நடக்கக் கூடாது?

ஒத்தைத்தம் எழுதியது:

வந்துவிட்டார்கள் கால்குலேட்டரோடு.

ஐயா, நான் எழுந்து போவது எல்லோர் கண்ணிலும் படுகிறது, அவ்வளவுதான் வித்தியாசம். பக்கத்து சீட்டுக்காரர் மேசைக்கடியில் போனை வைத்துக்கொண்டு வீடியோ பார்ப்பது யார் கணக்கில் வரும்? காபி மெஷின் பக்கத்தில் நின்று அரை மணி நேரம் ஊர்க்கதை பேசுவது? ஆன்லைனில் செருப்புக்கு அளவு பார்ப்பது? அதெல்லாம் உட்கார்ந்த இடத்திலேயே நடப்பதால் வேலை என்று ஆகிவிட்டதா? எனக்கு மட்டும் போகிற நேரம், வருகிற நேரம், முகத்தில் ஒரு முறைப்பு. போய்வந்த நேரத்தை ஈடுகட்ட சாயங்காலம் உட்கார்ந்து முடித்துவிட்டுத்தான் கிளம்புகிறேன், அதை எந்தப் புண்ணியவானும் எழுதி வைப்பதில்லை.

புகையிலி எழுதியது:

மேசைக்கடியில் போன் பார்ப்பவர் மணி அடித்தால் எடுக்கிறாரே. நீங்கள் ஏழு மாடிக்குக் கீழே நிற்கிறீர்களே.

கணக்கன் எழுதியது:

இரண்டு பேரும் பாதி பாதி சரி. சண்டை நிமிடத்தில் இல்லை, அந்த நிமிடங்களில் வருகிற வேலை யார் தலையில் விழுகிறது என்பதில்தான் இருக்கிறது. புகையிலியின் கடைசி வரியைப் பாருங்கள், அவரே அதைத்தான் சொல்கிறார்.

புகைப்பவரால் முதலாளிக்கு என்ன செலவு என்று அமெரிக்காவில் கணக்குப் போட்டிருக்கிறார்கள். ஒஹாயோ ஸ்டேட் பல்கலைக்கழகத்தின் மைக்கா பெர்மனும் உடன் பணியாற்றியவர்களும் 2013-இல் வெளியிட்டது. புகைக்காதவரோடு ஒப்பிட்டால் ஆளுக்கு வருடம் 5,816 டாலர் கூடுதல் என்றார்கள். அதில் 3,077 டாலர், பாதிக்கு மேல், இடைவேளை நேரத்துக்கான மதிப்பு. மருத்துவச் செலவே 2,056 டாலர்தான். இந்த எண்ணைக் காட்டித்தான் பல மேனேஜர்கள் மேசையைத் தட்டுகிறார்கள். ஆனால் அது முந்தைய ஆய்வுகளை வைத்து மதிப்பிட்ட தொகை. ஒருத்தர் பின்னாலேயே கடிகாரத்தோடு போய் அளந்து எடுத்ததில்லை. அதோடு, எழுந்து போன நிமிடமெல்லாம் அப்படியே நஷ்டம் என்று வைத்தால்தான் அந்தத் தொகை வரும்.

தனியாக உட்கார்ந்து ஒரு வரைபடம் போடுகிறவர் நாலு தடவை எழுந்து போனால் யாருக்கும் ஒன்றும் குறையாது. வேலை முடிந்ததா இல்லையா என்று பார்த்தால் போதும், அங்கே கடிகாரத்தைத் தூக்கிக்கொண்டு அலைவது வெட்டி வேலை. நிழல்மேசை டீமில் அப்படி இல்லை. ஒருவர் எழுந்தால் அந்த அழைப்பு இன்னொருவர் காதில் போய் விழுகிறது. அங்கே இடைவேளைக்கு விலை கொடுப்பது நிறுவனம் இல்லை, பக்கத்து சீட். அந்த மெயிலின் கோபம் அங்கிருந்து வந்ததாகத்தான் இருக்கும், சிகரெட்டிலிருந்து இல்லை.

எனவே முதலில் அளக்க வேண்டியது ஆளை இல்லை. எந்த நேரத்தில் எத்தனை பேர் சீட்டில் இல்லை, அப்போது அழைத்தவர்கள் எவ்வளவு நேரம் காத்திருந்தார்கள், இந்த இரண்டையும் எடுங்கள். சிஸ்டத்திலேயே இருக்கும்.

இரவுப்பணி எழுதியது:

மருத்துவமனை வார்டில் வேலை. எங்களுக்கு இது பழைய பஞ்சாயத்து.

இரவில் வார்டுக்கு இரண்டு பேர். ஒருவர் வெளியே போனால் எல்லாப் படுக்கையின் மணியும் இன்னொருவருக்கு. முன்பு ஒரு அக்கா இருந்தார், "இதோ வந்துடறேன்" என்று காற்றில் சொல்லிவிட்டுப் போய்விடுவார். எங்கே போனார், எப்போது வருவார், எந்த நோயாளியைப் பார்த்துக்கொள்ள வேண்டும், எதுவும் தெரியாது. எனக்கு எரிச்சல் வந்தது அவர் புகைத்ததற்காக இல்லை. இப்போது கூட இருப்பவரும் புகைப்பவர்தான். ஆனால் போகும் முன் பக்கத்தில் வந்து நின்று, "நாலாவது படுக்கைக்கு ட்ரிப் இன்னும் கொஞ்ச நேரத்தில் முடியும், ஒன்பதுக்கு இப்போதான் ஊசி போட்டேன், தூங்கட்டும், பத்து நிமிஷத்தில் வந்துவிடுவேன்" என்று சொல்லி, நான் சரி என்ற பிறகுதான் நகர்வார். திரும்பி வந்ததும் "இப்போ நீ போ" என்பார். எனக்குப் போக இடமில்லை என்றாலும் மாடிப்படியில் போய் காலை நீட்டிக்கொண்டு உட்காருவேன். அந்த "நீ போ" இருக்கிறதே, அது போதும். எங்களுக்குள் ஒரு நாளும் வாய்ச்சண்டை வந்ததில்லை.

இன்னொன்று. என்னோடு முன்பு வேலை பார்த்த ஒரு பெண் சிகரெட்டைத் தொட்டதே கிடையாது, ஆனால் தினமும் புகைக்கிறவர்களோடு கூடப் போய் நிற்பார். ஏன் என்று கேட்டால், "சும்மா மூச்சு வாங்கப் போறேன்னு சொன்னா யாரும் விடமாட்டேங்கறாங்க, தம்முக்குன்னா விடறாங்க" என்றார். புகையைச் சுவாசித்தால்தான் இடைவேளை என்கிற நிலைமை!

புகையிலி எழுதியது:

இதைத்தானே நானும் சொல்கிறேன்.

பட்டறைக்காரன் எழுதியது:

எங்கள் உற்பத்தி லைனில் இந்தப் பேச்சே எழாது. மணி அடித்தால் லைன் நிற்கும், எல்லோரும் போவோம், மணி அடித்தால் வருவோம். நடுவில் அவசரம் என்றால் கையைத் தூக்க வேண்டும், ரிலீவர் வந்து நம் இடத்தில் நின்ற பிறகுதான் நகர முடியும். தின்னர், பெயின்ட் இருக்கிற இடம் என்பதால் லைட்டர் பாக்கெட்டில் இருந்தாலே வாசலில் வாங்கி வைத்துவிடுவார்கள். புகைக்கிறவன், புகைக்காதவன் எல்லோருக்கும் ஒரே நிமிடம். ஆபீஸ்காரர்களுக்கு மணி இல்லாததுதான் பிரச்சினை. மணி வையுங்கள்.

மாத்திரைப்பெட்டி எழுதியது:

மணி வைக்கலாம், ஆனால் எந்த இடைவெளியில் என்று யோசித்து வையுங்கள் பட்டறைக்காரரே. மருந்தகத்தில் இருக்கிறேன், நிகோடின் விஷயம் கொஞ்சம் தெரியும்.

இழுத்த புகையில் உள்ள நிகோடின் சில நொடிகளிலேயே மூளைக்குப் போய்விடும். பிறகு ரத்தத்தில் அதன் அளவு சுமார் 2 மணி நேரத்துக்கு ஒரு முறை பாதியாகக் குறையும். அதனால்தான் அதிகம் புகைப்பவருக்கு நாலைந்து மணி நேரம் இழுத்துப் பிடித்தால் எரிச்சல், கவனச் சிதறல், பரபரப்பு எல்லாம் வரும். நிழல்மேசை டீமில் காலையில் இரண்டு, மாலையில் இரண்டு என்று அமைந்திருப்பது தற்செயல் இல்லை, உடம்பு வைத்த டைம்டேபிள். தம் அடித்ததும் டென்ஷன் குறைகிறது என்று சொல்வார்களே, அதில் பெரும்பகுதி முந்தைய சிகரெட் உண்டாக்கிய தவிப்பு அடங்குவதுதான்.

திடீரென்று நாளையிலிருந்து யாரும் இறங்கக் கூடாது என்றால், முதல் இரண்டு மூன்று நாள்தான் தவிப்பு உச்சத்தில் இருக்கும், முழுவதும் அடங்க இரண்டிலிருந்து நாலு வாரம். அந்த வாரங்களில் வாடிக்கையாளரோடு பேசப்போவதும் அவர்கள்தான், யோசித்துக்கொள்ளுங்கள். நிகோடின் சூயிங்கம் 2 மில்லிகிராம், 4 மில்லிகிராம் என்று இருக்கிறது, தோலில் ஒட்டும் பட்டையும் இருக்கிறது. நிறுவனம் அந்தச் செலவை ஏற்கிறது, விருப்பமுள்ளவர் தனியாக வந்து கேட்கலாம் என்று ஒரு வரி அறிவித்துவிட்டு அதோடு நிறுத்திக்கொள்ளுங்கள். யார் வாங்கினார், யார் வாங்கவில்லை என்று டீம் லீடருக்குத் தெரியவே வேண்டாம்.

மட்டுறுத்துநர்:

மன உறுதி இல்லாதவர்கள், அடிமைகள் என்ற ரீதியில் வந்த மூன்று பதிவுகளையும் அதற்குத் திருப்பித் திட்டிய இரண்டு பதிவுகளையும் எடுத்துவிட்டேன். இடைவேளையைப் பற்றிப் பேசுங்கள்.

சட்டத்துளி எழுதியது:

சட்டம் என்ன சொல்கிறது என்று யாரும் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். புகைப்பதற்கென்று தனி இடைவேளை உரிமை நான் பார்த்த எந்த நாட்டுச் சட்டத்திலும் இல்லை. பிரிட்டனில் 1998-ஆம் ஆண்டின் வேலைநேர விதிகள்படி ஆறு மணி நேரத்துக்கு மேல் வேலை என்றால் 20 நிமிட இடைவேளை உண்டு, அதில் புகைப்பீர்களோ கண்ணை மூடி உட்காருவீர்களோ உங்கள் பாடு. அமெரிக்காவின் கூட்டாட்சிச் சட்டம் இடைவேளை கொடுத்தே ஆக வேண்டும் என்று சொல்லவில்லை. ஆனால் கொடுத்தால், 5 முதல் 20 நிமிடம் வரையிலான சின்ன இடைவேளை வேலைநேரமாகவே கணக்கிடப்படும், சம்பளத்தில் கை வைக்க முடியாது. ஸ்பெயினில் நேர்மாறு. அங்கே 2019-இல் தினசரி வேலைநேரத்தைப் பதிவு செய்வது கட்டாயமானது. கால்ப் என்ற எரிபொருள் நிறுவனம் சிகரெட்டுக்கும் காபிக்கும் வெளியே போகும்போது கார்டு தேய்த்துவிட்டுப் போ என்றது, தொழிற்சங்கம் வழக்குப் போட்டது, தேசிய நீதிமன்றம் நிறுவனத்தின் பக்கம் நின்றது. ஆக, ஒரு நாட்டில் வெட்டக் கூடாத நிமிடம் இன்னொரு நாட்டில் வெட்டலாம். உங்கள் இடத்து விதியையும் வேலை ஒப்பந்தத்தையும் பார்க்காமல் சம்பளப் பிடித்தம் என்று வாயைத் திறக்காதீர்கள்.

இன்னொன்றையும் நினைவில் வையுங்கள். ஒரு காலத்தில் மேசையிலேயே சாம்பல் கிண்ணம் இருந்தது, எழுந்து போக வேண்டிய தேவையே இல்லை. அயர்லாந்து 2004 மார்ச்சில் வேலையிடங்களுக்குள் புகைக்கத் தடை போட்டது, இங்கிலாந்து 2007 ஜூலையில். இப்படி நாடு நாடாகப் புகையை வெளியே தள்ளிய பிறகுதான் புகைக்கப் போவது தனி இடைவேளையாக மாறியது. தள்ளியது நியாயம்தான், மற்றவர்கள் நுரையீரல் என்ன பாவம் செய்தது. ஆனால் பதினைந்து நிமிடத்தில் பத்து நிமிடம் நடைக்கும் லிப்டுக்கும் போகிறது என்றால் அந்தப் பத்து நிமிடத்தை உண்டாக்கியது புகைக்கும் இடத்தைத் தேர்ந்தெடுத்தவர். கட்டடப் பராமரிப்புக்காரர்களிடம் பேசி, நுழைவாயிலையும் ஜன்னலையும் விட்டு விலகி ஆனால் அருகே ஒரு இடம் கிடைக்குமா என்று கேட்டுப் பாருங்கள்.

ஒத்தைத்தம் எழுதியது:

சட்டத்துளி சாருக்கு ஒரு வணக்கம். அந்த லிப்டை யாராவது சரிசெய்தால் பாதிச் சண்டை தீரும்.

கார்டு தேய்க்கிற யோசனைக்கு மட்டும் எதிர்ப்பு. அப்புறம் கழிவறைக்கும் தேய்க்கச் சொல்வார்கள்.

கணக்கன் எழுதியது:

அந்தப் பயம் நியாயமானதுதான். எண்ண ஆரம்பித்தால் எங்கே போய் முடியும் என்பதற்கு ஒசாகா மாகாண அரசின் கதையைப் பாருங்கள். அங்கே வேலைநேரத்தில் புகைக்கவே தடை. 2023-இல் ஓர் அதிகாரியை ஆறு மாதச் சம்பளக் குறைப்புக்கு உள்ளாக்கினார்கள். குற்றம், 14 ஆண்டுகளில் 4,512 முறை வேலைநேரத்தில் புகைத்தார், மொத்தம் 355 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல். கேட்டதும் மலைப்பாக இருக்கிறதா? 14-ஆல் வகுங்கள், வருடத்துக்கு 25 மணி நேரம். வருடம் 250 நாள் வேலை என்று வைத்தால் நாளைக்குச் சுமார் 6 நிமிடம். எச்சரித்த பிறகும் அவர் கேட்கவில்லை, அது வேறு. ஆனால் இந்த ஆறு நிமிடத்தைக் கூட்டிக் கூட்டி 4,512 என்று எழுத எத்தனை பேர் எத்தனை மணி நேரம் உட்கார்ந்தார்களோ!

புகையிலியின் 31 நாளும் இதே வித்தைதான். தினசரி நிமிடத்தை வருடத்தால் பெருக்கினால் எதுவும் பூதமாகத் தெரியும். தண்ணீர் குடிக்கப் போகிற நேரத்தையும் பெருக்கிப் பாருங்களேன்.

புகையிலி எழுதியது:

தினம் ஒரு மணி நேரத்தையும் ஆறு நிமிடத்தையும் ஒன்றாக வைப்பதும் வித்தைதான்.

மெல்லினம் எழுதியது:

எல்லோரும் நிமிடத்தையே பிடித்துக்கொண்டு தொங்குகிறீர்கள். அந்தக் கூரைக்கடியில் என்ன பேசுகிறார்கள் என்று யாராவது கேட்டீர்களா?

நான் மென்பொருள் பக்கம். முன்பு இருந்த ஓர் இடத்தில் மேனேஜரும் மூன்று பையன்களும் சேர்ந்துதான் தம்முக்குப் போவார்கள். திரும்பி வரும்போது அடுத்த புராஜெக்ட் யாருக்கு என்று முடிவாகியிருக்கும். கூட்டத்தில் நாங்கள் வாயைத் திறந்தால் "அதெல்லாம் பேசியாச்சே" என்பார். எங்கே பேசினீர்கள், யாரோடு பேசினீர்கள்? எனக்கு அவர்கள் எடுத்துக்கொண்ட நேரத்தில் பொறாமை இல்லை, கூட இருபது நிமிடம் எடுத்துக்கொள்ளட்டும். மேனேஜரின் காது கிடைக்கிறதே, அதுதான் கணக்கில் வராத சம்பளம்.

இது என் மனப்பிரமை இல்லை. ஸோயி கல்லன், ரிக்கார்டோ பெரெஸ்-ட்ருக்லியா என்ற இரண்டு பொருளாதார ஆய்வாளர்கள் ஆசியாவில் ஒரு பெரிய வங்கியின் பணியாளர் தரவுகளை எடுத்து இதையே ஆராய்ந்தார்கள். ஆண் மேனேஜருக்குக் கீழே வந்த ஆண்கள், பெண் மேனேஜருக்குக் கீழே வந்த ஆண்களைவிட வேகமாகப் பதவி உயர்வு பெற்றார்கள். பெண்களுக்கு மேனேஜர் யாராக இருந்தாலும் அப்படி ஒரு வித்தியாசம் இல்லை. அந்த உயர்வுக்குத் தக்கபடி வேலை கூடுதலாக நடந்ததற்கான தடயமும் இல்லை. ஒன்றாகப் பழகுவதுதான் காரணமா என்று பார்க்க அவர்கள் எடுத்துக்கொண்ட உரைகல் என்ன தெரியுமா? இதே தம் இடைவேளை. புகைக்கிற ஆண் ஊழியர், புகைக்கிற ஆண் மேனேஜருக்குக் கீழே மாறினால் ஏணி வேகமாக ஏறுகிறது.

எனவே நிழல்மேசை, நீங்கள் எந்த விதி போட்டாலும் உங்களுக்கு மேலே இருப்பவர் தம்முக்கு இறங்குகிறவரா, உங்கள் நாலு பேரில் யாராவது அவரோடு நிற்கிறார்களா என்று பாருங்கள். ஆறு நாள் விடுமுறை கொடுத்தால் இது சரியாகாது. புகைக்காதவரை வீட்டில் உட்கார வைத்தால் காது இன்னும் தூரமாகத்தான் போகும்.

இரவுப்பணி எழுதியது:

மெல்லினம் சொன்னது நூற்றுக்கு நூறு. டியூட்டி அட்டவணை போடுகிறவர் எங்கே நிற்கிறாரோ அங்கே நிற்பவருக்கு நல்ல ஷிப்ட்.

பட்டறைக்காரன் எழுதியது:

எங்கள் போர்மேனும் தம் பார்ட்டிதான். ம்ம், இப்போது சில விஷயங்கள் புரிகிறது.

நிழல்மேசை எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. கணக்கன் சொன்ன மாதிரி யார் பெயரும் இல்லாமல் சீட் நிலவரத்தையும் காத்திருப்பு நேரத்தையும் எடுத்துப் பார்த்தேன். இரண்டு விஷயம் கண்ணில் பட்டது.

ஒன்று, ஒருவர் தனியாக எழுந்து போகும்போது அழைப்பாளருக்கு ஒன்றுமே தெரிவதில்லை. நாலு பேரும் கூட்டாக இறங்குகிற அந்தக் கால் மணி நேரத்தில்தான் வரிசை நீள்கிறது. அதிலும் காலை பதினொன்றை ஒட்டி அழைப்பு குவிகிற நேரமும் இவர்கள் இறங்கும் நேரமும் ஒன்றாகவே இருக்கிறது. பேச்சுத்துணைக்காகத்தான் சேர்ந்து போகிறார்கள். அதை நான் குறை சொல்லவில்லை, ஆனால் மீதி ஏழு பேர் மூச்சு விடாமல் பேசுவது அப்போதுதான்.

இரண்டாவது எனக்கே அதிர்ச்சி. புகைக்காத ஏழு பேரில் மூன்று பேர் மதியம் தவிர சீட்டை விட்டு எழுந்ததாகவே பதிவு இல்லை. மெயில் போட்டவரோடு தனியாகப் பேசினேன். "எழுந்து போக எனக்கு ஒரு காரணம் வேண்டாமா அக்கா? அவங்களுக்கு சிகரெட்னு சொன்னா போதும், நான் என்ன சொல்றது?" என்றார். அவர் கேட்ட விடுமுறைக்குப் பின்னால் இருந்தது இதுதான். எங்கள் விதிப்புத்தகத்தில் இரண்டு சிறு இடைவேளை எல்லோருக்கும் உண்டு என்றுதான் எழுதியிருக்கிறது. யாரும் சொல்லவில்லை, யாரும் எடுக்கவில்லை.

எனவே இப்படி யோசித்திருக்கிறேன், ஓட்டை இருந்தால் சொல்லுங்கள். மதியம் போக எல்லோருக்கும் காலையில் ஒரு கால் மணி, மாலையில் ஒரு கால் மணி. எதற்கு என்று யாரும் கேட்கக் கூடாது, யாரும் சொல்லவும் வேண்டாம். ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் சீட்டை விட்டு எழக் கூடாது, அதற்கு ஒரு பொது அட்டவணை, பெயரை அவரவரே எழுதிக்கொள்ளலாம். அழைப்பு குவிகிற நேரத்தில் கட்டம் மூடியிருக்கும். போகும் முன் பக்கத்து சீட்டில் சொல்லிவிட்டுப் போக வேண்டும், இரவுப்பணி சொன்ன மாதிரி. கழிவறை, தண்ணீர் இதெல்லாம் இந்தக் கணக்கில் சேராது. எனக்கும் இதே விதிதான். மெல்லினம், உங்கள் பதிவைப் படித்துவிட்டு எங்கள் மேலாளரிடமும் பேசினேன். அவர் புகைப்பவர்தான். கீழே பேசி முடிவானது எதுவாக இருந்தாலும் குழுவில் எழுதாதவரை முடிவில்லை என்று ஒப்புக்கொண்டார். முகம் கொஞ்சம் சுருங்கியது.

கூடுதல் விடுமுறை இல்லை. புகைப்பவர் யார் என்று நான் பட்டியல் போட விரும்பவில்லை. வாரத்துக்கு ஒன்று பிடிப்பவரை எந்தப் பக்கம் சேர்ப்பது? விட்டவர் மறுபடி ஆரம்பித்தால் லீவைத் திருப்பி வாங்குவதா?

ஒத்தைத்தம் எழுதியது:

நாலிலிருந்து இரண்டா! மாத்திரைப்பெட்டி எழுதியதைப் படித்தீர்களா இல்லையா? அந்த இரண்டு கால் மணியை மூன்று பத்தாகப் பிரித்துக்கொள்ளலாமா?

நிழல்மேசை எழுதியது:

அரை மணி நேரம் உங்களுடையது, பிரிப்பது உங்கள் விருப்பம். கட்டம் காலியாக இருக்க வேண்டும், அவ்வளவுதான். பராமரிப்புக்காரர்கள் பின்வாசல் படிக்கட்டுப் பக்கம் ஓர் இடத்தைப் பார்ப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள். அது கிடைத்தால் பத்து நிமிடத்தில் போய்வர முடியும். சூயிங்கம் செலவுக்கும் எச்.ஆர் சரி சொல்லிவிட்டது, யார் வேண்டுமானாலும் நேரே அவர்களிடமே கேட்கலாம்.

புகையிலி எழுதியது:

சரி, விடுமுறையை விட்டுவிடுகிறேன். ஆனால் இத்தனை வருடம் எடுக்காமல் போன இடைவேளைக்கு என்ன பதில்?

நிழல்மேசை எழுதியது:

பதில் இல்லை. மெயில் போட்டவரும் இதையே கேட்டார். அவருக்கும் இதையேதான் சொன்னேன். அவர் சந்தோஷமாகப் போகவில்லை.

சட்டத்துளி எழுதியது:

விதி நன்றாகவே இருக்கிறது. எழுத்தில் கொடுங்கள், எச்.ஆர் கையெழுத்தோடு. நாளைக்கு நீங்கள் வேறு டீமுக்கு மாறினால் வாய்மொழி விதி உங்களோடு வந்துவிடும். வேப் என்கிற மின்சிகரெட்டையும் சேர்த்து எழுதுங்கள், புகை வரவில்லையே என்று சீட்டிலேயே உறிஞ்சுகிறவர்கள் எல்லா இடத்திலும் முளைத்துவிட்டார்கள்.

மெல்லினம் எழுதியது:

துணி நாற்றம் பற்றிப் புகார் வந்தால் என்ன செய்வீர்கள்? ஜப்பானில் இகோமா நகராட்சி 2018-இல் புகைத்துவிட்டு வரும் ஊழியர் 45 நிமிடம் லிப்டில் ஏறக் கூடாது என்றே விதி போட்டது.

ஒத்தைத்தம் எழுதியது:

தயவுசெய்து அவருக்கு இந்த மாதிரி யோசனையெல்லாம் கொடுக்காதீர்கள் அம்மா. ஏழு மாடி.

நிழல்மேசை எழுதியது:

வேப் சேர்த்தாயிற்று, கட்டடத்துக்குள் எதுவும் கிடையாது. லிப்ட் விதி வேண்டாம், அப்படிப் புகார் வந்தால் சம்பந்தப்பட்டவரிடம் தனியாகப் பேசிக்கொள்கிறேன்.

பட்டறைக்காரன் எழுதியது:

வீட்டிலிருந்து வேலை பார்க்கிறவர்கள் உங்கள் டீமில் யாரும் இல்லையா? அவர்கள் எப்போது எழுந்தார்கள் என்று யாருக்குத் தெரியும்?

நிழல்மேசை எழுதியது:

வாரத்தில் சில நாள் இரண்டு பேர் வீட்டிலிருந்து. அவர்களுக்கும் அதே அட்டவணைதான், கட்டத்தில் பெயர் எழுதிவிட்டு 'இடைவேளை' பட்டனை அழுத்தினால் அழைப்பு போகாது. அந்தப் பதினைந்து நிமிடத்தில் அவர்கள் பால்கனியில் புகைத்தாலும் துணி காயப்போட்டாலும் எனக்குத் தெரிய வேண்டாம். திங்கட்கிழமையிலிருந்து ஆரம்பிக்கிறோம். ஒரு மாதம் ஓடட்டும், காத்திருப்பு நேரம் குறைந்ததா இல்லையா என்று எடுத்துப் பார்த்துவிட்டு இதே இழையில் போடுகிறேன். அட்டவணையின் மாதிரி வேண்டுமென்பவர்கள் தனிச்செய்தியில் கேளுங்கள், அனுப்புகிறேன்.